ஆயில் சீல் நிலைக்காதது ஏன்?

மண்ணூரிலிருந்து வாசகச் சகோதரர் ஒருவர் மடல் எழுதியுள்ளார். தொழிற்சாலை அலுவலர்களை ஏற்றிச் செல்லும் பழைய பெட்ரோல் கார் ஒன்றே அவர்தம் குடும்பத்தின் வருவாய். எஞ்சினின் பின்புற ஆயில் சீலை ஓராண்டிற்குள் இருமுறை மாற்றியும் கசிவு நிற்கவில்லையாம். ‘பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது; எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றியாக வேண்டும்’ என்று மெக்கானிக் கூறிவிட்டார். வட்டிக்குக் கடன் வாங்க மனம் ஒப்பவில்லை. மகளின் நிக்காஹுக்கெனச் சேர்த்துவரும் தொகையில் கை வைப்பதா என்பதே அவரது கேள்வி.

சகோதரரே, அத்தொகையைத் தொடுமுன் சற்றுப் பொறுங்கள்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது, பிஸ்டன் வளையங்கள் எத்துணை நெருக்கமாய் அமைந்திருப்பினும், சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழே எண்ணெய் இருக்கும் சேம்பருக்குள் இறங்கியே தீரும். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் இன்று காலை ஆலையிலிருந்து வெளிவந்த புதுக் காருக்கும் இது விதிவிலக்கன்று. அந்த வாயு வெளியேற ஒரு வழி வேண்டும். முற்காலக் கார்களில் ஒரு குழாய் வழியே அதைச் சாலையிலேயே விட்டுவிட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புகைமூட்டம் பெருந்தொல்லையான பின், 1960களின் தொடக்கத்தில்தான், அவ்வாயுவை எஞ்சினே உறிஞ்சி மீண்டும் எரிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. பி.சி.வி. வால்வு என்னும் விரலளவுச் சிறு கருவி அப்பணியைச் செய்கிறது.

குக்கரின் ஆவித் துவாரம் அடைத்துக்கொண்டால் ரப்பர் வளையத்தின் ஓரமாக ஆவி சீறுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். புது ரப்பர் வாங்கிப் போடுவதால் மட்டும் அது தீருமா? ஆயில் சீலின் கதையும் அதுவே. உள்ளே அழுத்தம் மிகும்போது எங்கே பலவீனமோ அங்கே எண்ணெய் பிதுங்கும். சீல், டேப்பட் கவர் கேஸ்கட், ஏர் பில்டர் என்று இடம் மாறும். சில வேளை டிப் ஸ்டிக்கே மேலெழும்பி நிற்கும்.

அழுத்தம் மிகுவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, ரிங்கும் போரும் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்குவது. மற்றொன்று, இறங்கிய வாயு வெளியேற வழியின்றி அடைபடுவது. முன்னதற்குப் பல்லாயிரம் ரூபாய். பின்னதற்குச் சில நூறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். எண்ணெய் மூடியைத் திறந்ததும் சிறிது ஆவி எழுவது எல்லா எஞ்சினிலும் இயல்பு. அதை மட்டுமே காட்டி எஞ்சினைப் பிரிக்கச் சொல்வோரை நம்பிவிட வேண்டாம்.

எஞ்சின் சூடேறிய பின் ஐடிலில் ஓடட்டும். பி.சி.வி. வால்வைக் கழற்றி, அது குழாயோடு இணைந்திருக்கும்போதே அதன் முனையில் விரல் வையுங்கள். உறிஞ்சும் விசை தெரிய வேண்டும். தெரியாவிடில் குழாயில் கசடு அடைத்திருக்கும், அல்லது வால்வு சிக்கியிருக்கும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கடகடவென ஒலிக்க வேண்டும். ஜும்ஆவுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் கார்களில் எஞ்சின் முழுச் சூடேறாமையால் நீராவி தங்கி, எண்ணெயோடு கலந்து வெண்ணெய்போல் திரண்டு இவ்வழியை அடைப்பதுண்டு.

அடுத்தது அளந்து பார்ப்பது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போதும். அதை ‘ப’ என்ற எழுத்தின் வடிவில் தொங்கவிட்டுப் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் துளையில் காற்றுப் புகாதவாறு செருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். நலமான பெட்ரோல் எஞ்சினில் ஐடிலின்போது நீர் சற்றே எஞ்சின் பக்கம் இழுபடும். திறந்த முனையில் நீர் உயர்ந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். டயருக்குக் காற்றழுத்தம் பார்க்கும் மானி இதற்கு உதவாது. ஒரு பவுண்டு அழுத்தம் என்பது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீருயரம், நாம் தேடுவதோ சில விரல்கடை. நீர் எஞ்சினுக்குள் போய்விடாதபடி குழாய் நீளமாக இருக்கட்டும். பெல்ட் சுழலுமிடத்தில் சட்டைக் கையும் துப்பட்டாவும் வேண்டாம்.

வழியைச் சுத்தம் செய்து, புது வால்வு போட்ட பின்னும் நீர் வெளியே தள்ளப்பட்டால்தான் ரிங்கின் மீது ஐயம் கொள்ள வேண்டும். அப்போதும் பிரிக்குமுன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் பார்க்கையில் அளவு கூடினால் குற்றம் ரிங்கிலோ போரிலோ. கூடாவிடில் வால்வு, ஹெட் கேஸ்கட் பக்கம் தேட வேண்டும். டீசல் வாகனத்தில் இன்னொன்றும் உண்டு: பிரேக்கிற்கான வேக்குவம் பம்ப் தன் காற்றைச் சேம்பருக்குள்ளேயே விடும் எஞ்சின்களில், பிரேக் பூஸ்டர் கசிந்தாலும் ரிங் தேய்ந்தது போலவே தோன்றும். டர்போ பழுதும் அவ்வாறே ஏமாற்றும்.

பழைய கார் வாங்குவோருக்கும் இச்சோதனை உதவும். தேய்ந்த எஞ்சினில் கெட்டியான எண்ணெய் ஊற்றிக் குறையை மறைத்து விற்பது சந்தையில் சாதாரணமாகிவிட்டது. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குவியலுக்குப் பதில் எஞ்சின் என்றால் சட்டம் மாறிவிடுமா, என்ன?

இன்னொரு குறுக்குவழியையும் சாலையோரத்தில் செய்துவிடுகிறார்கள். பிரீதர் குழாயைப் பிடுங்கிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுவிடுவது. அழுத்தம் குறையும், கசிவும் தற்காலிகமாக நிற்கும். ஆயின் அந்த நச்சாவி காருக்குள் அமர்ந்திருப்போர் மூக்கிற்கே வரும். வடிகட்டாத தூசு உள்ளே புகும். மாசு விதிகளும் பெட்ரோல் எஞ்சினின் சேம்பர் வாயுவை வெளியே விட இடந்தருவதில்லை. அவ்வாறு தொங்கும் குழாய் தங்கள் காரில் இருப்பின், சீலை மாற்றுமுன் முதலில் அதை உரிய இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.