முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து தொடங்குவோம்

1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்தே மலேசியத் தமிழ்க் கல்வியின் வயதைக் கணக்கிடுகிறோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். கட்டடம், மண்டபம், கணினி பற்றிப் பேசும் அளவுக்கு, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தரும் முறை பற்றி நாம் பேசுவதில்லை.

2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் நீக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அதன் இடத்தில் நிற்கும் வகுப்பறை மதிப்பீடு முழுக்க ஆசிரியரின் கண்ணை நம்பியது. எந்தப் பிள்ளை ல, ள, ழ ஒலிகளில் தடுமாறுகிறது, எது எழுத்தறியாமலே பாடத்தை மனப்பாடமாய் ஒப்பிக்கிறது என்று அன்றே கண்டு, மறுநாள் பாடத்தை மாற்றத் தெரிய வேண்டும். இத்திறன் ஒருநாள் பட்டறையில் வராது. அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, பாடம் முடிந்ததும் உடனிருந்து பேசினால் வரும். மாணவர் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாக நடத்துவோருக்கு இந்தத் துணை இன்னும் அவசரம்.

இத்துணையைத் தரக்கூடியவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உள்ளன. தென்கிழக்காசிய ஆசிரியர்களுக்கு அறிவியல், கணிதப் பயிற்சி தரும் ரெக்சாம் குளுகோரில் இருக்கிறது. இவற்றின் விரிவுரையாளர்கள் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளுக்குத் தவறாமல் வர மாநிலக் கல்வி இலாகா கால அட்டவணை வகுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஈடாக ஆசிரியரின் எழுத்து வேலையைக் குறைக்கவும் வேண்டும்.