பழைய பைக்குக்கு 'பவர்' ஏத்துற மகன்மாருக்கும், அதற்குக் காசு கொடுக்கிற வாப்பாமாருக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் என்றால் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் பழைய பைக்கில் படிப்பிக்கப் போய்வரும் மூன்று ஆசிரியர்கள். எழுதுவது ஒருவர்தான், ஆனால் பேசி முடிவெடுத்தது மூன்று பேரும்.

போன கிழமை ஆமர் வீதிச் சந்தியில் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹொண்டா சிடி 90. மௌத்தாகிப்போன வாப்பா விட்டுச் சென்றது. பின்னால் சாப்பாடு டெலிவரிப் பெட்டி, அதற்குள்ளே யாரோ ஓடர் பண்ணின சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன மகன், பெற்றோல் முடிஞ்சா?"

"இல்ல சேர், எஞ்சின் ஜேமாகிட்டு."

விசாரித்தால், இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் 'எஞ்சின் அப்கிரேட்' பண்ணியிருக்கிறான். 52 மில்லிமீற்றர் பெரல், அதற்குப் பிஸ்டன், சைலன்ஸரின் உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். உம்மாவின் சீட்டுக்காசு. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடை மட்டும் இப்படிச் செய்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை.

சாதாரண தரத்தில் உருளையின் கனவளவு படித்தீர்கள்தானே? அந்தச் சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள். அவனுடைய எஞ்சின் 47 மில்லிமீற்றர் விட்டம், 49.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். பெயர்தான் 90, கணக்குப் பார்த்தால் 86 சிசிகூட வராது. விட்டத்தை 52 ஆக்கினால் 105 சிசி. அதாவது 22 வீதம் கூட. கடைக்காரர் சொன்ன கணக்கு இதுவரைக்கும் சரி. சொல்லாமல் விட்ட கணக்குதான் பிள்ளையை நடுரோட்டில் நிற்பாட்டியது.

ஹெட்டை மாற்றாமல் பெரலை மட்டும் பெருப்பித்தால், கூடுதலான காற்றும் பெற்றோலும் அதே சின்ன இடத்துக்குள் நசுங்க வேண்டும். முதலில் 9க்கு 1 என்று இருந்த கொம்பிரஷன், தட்டைப் பிஸ்டன் என்றால் கிட்டத்தட்ட 10.8 ஆகிவிடும். நாங்கள் அடிப்பது 92 ஒக்டேன். பாரம் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது பெற்றோல் நேரம் தவறி வெடிக்கும் சத்தம். பிள்ளைகள் அதைப் பவர் என்று நினைக்கிறார்கள். கூடுகிற சூட்டை வெளியே விட அதே பழைய விசிறிபோன்ற தகடுகள்தான் உண்டு, தண்ணீர் கூலிங் கிடையாது. இதற்கு மேலே சைலன்ஸரையும் வெட்டி, காபரேட்டரில் ஜெட் மாற்றாமல் விட்டால், காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்து எஞ்சின் இன்னும் சூடாகும். பிஸ்டன் விரிந்து பெரலைக் கௌவிப் பிடிக்கும். அதுதான் ஆமர் வீதியில் நடந்தது.

பிரேக்கைப் பற்றி அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. 86 சிசிக்கு என்று செய்த டிரம் பிரேக்தான் இன்னும் இருக்கிறது. ஊருக்குள் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு அந்த ஐம்பதே கிடைக்காது. அந்தக் கூடுதல் 19 சிசியை எங்கே கொண்டுபோய் ஓடுவது? இரவு பன்னிரண்டுக்குப் பிறகு மரைன் டிரைவில். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களைக் கேளுங்கள், அவர்கள் தூங்கி எத்தனை நாள் என்று.

ரேஸ் ஓடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. கட்டுக்குருந்தையில் ஓடுகிறவன் காபரேட்டர், கேம், பிரேக், டயர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்றுவான், அடிக்கடி எஞ்சினைக் கழற்றியும் பார்ப்பான். டெலிவரி ஓடுகிற பிள்ளைக்கு ஒரு நாள் பைக் நின்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

"அப்போ பழைய எஞ்சினை அப்படியே விடச் சொல்றீங்களா சேர்?" என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் மூன்று பைக்கும் முப்பது வருடத்துக்கு மேற்பட்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். இடையில் 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது, கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் பாடசாலைக்கும் போய், மாமியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோன பைக் இவை. சும்மா ஓடவில்லை, வேலை செய்துதான் ஓடவைத்தோம்.

என்ன செய்தோம்? முதலில் அளந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான பாஸ் இருக்கிறார், மைக்ரோமீற்றர் இல்லாமல் பெரலைத் தொடவே மாட்டார். தேய்ந்திருந்தால் 0.25, 0.50 என்று கம்பனி ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். பிஸ்டனை முதலில் கையில் வாங்கிக் கொடுத்து, அதை அளந்துதான் லேத்தில் போர் அடிக்க வேண்டும். 0.25க்கு ஒரு சிசிகூடக் கூடாது. ஆனால் புகை நிற்கும், ஒயில் குடிப்பது நிற்கும், தொலைந்துபோன இழுவை திரும்பி வரும். வால்வ் சீட்டைச் சரிபார்த்து, டைமிங் செயினை மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் வால்வ் இடைவெளி 0.05 மில்லிமீற்றர் வைத்தோம். ஒருவருடைய பைக் 6 வோல்ட், போயிண்ட் உள்ளது. மக்னெட், கொயில், பல்ப், ஹோர்ன், பெற்றரி எல்லாம் மாற்றி 12 வோல்ட் சிடிஐ ஆக்கினோம். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் மழையிலும் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. எங்கள் பாஷையில் அப்கிரேட் என்றால் அது.

இன்னொன்று. இந்தப் படுத்த எஞ்சின்களில் கார்களில் உள்ளதுபோல் கடதாசி ஒயில் ஃபில்டர் இல்லை. அடியில் ஒரு வலை, கிளட்ச் பக்கம் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் ஒரு சட்டி, அவ்வளவுதான். கிளட்ச் கவரைக் கழற்றினால்தான் அதைச் சுத்தம் பண்ணலாம். அந்தப் பிள்ளையின் பைக்கில் பாஸ் கவரைக் கழற்றியபோது சட்டிக்குள் கறுப்புக் களிமண்போல் கட்டியாக இருந்தது. பெரலுக்கு அத்தனை ஆயிரம் வாங்கியவர்கள் அரை மணி நேர வேலையைச் செய்யவில்லை. ஒரு லீற்றர்கூடப் பிடிக்காத எஞ்சின் அது, அந்தக் கொஞ்ச ஒயிலையாவது நேரத்துக்கு மாற்றுங்கள். விலை குறைவு என்று கார் ஒயில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். போத்தலில் 'ஜாஸோ எம்ஏ' என்று இருக்கிறதா பாருங்கள்.

"பழசுக்குக் காசு கொட்டுறது மடத்தனம், புதுசு வாங்குங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆனால் இந்த எஞ்சினைக் குப்பை என்று சொல்லாதீர்கள். 1958இல் வந்த சூப்பர் கப்பின் குடும்பம் இது. 2017இல் அந்தக் கப் மட்டும் 10 கோடியைத் தாண்டியது. பாகிஸ்தானில் இதே வழியில் வந்த சிடி 70 இன்றைக்கும் புதிதாகக் கடைக்கு வருகிறது. வேகத்துக்காகவா அங்கே அதை வாங்குகிறார்கள்?

வாப்பாமாரே, உங்களுக்கும்தான். மகன் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்கும்போது ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுக்கிறீர்கள். டியூஷன் பீஸுக்கு இரண்டு மாதம் தவணை சொல்கிறீர்கள். கடைக்கு ஒருமுறை கூடப் போய், எதைக் கழற்றினீர்கள், எதைப் போட்டீர்கள், கழற்றிய சாமான் எங்கே என்று கேளுங்கள். முழு எஞ்சினையே மாற்றினால் பைக் புத்தகத்தில் உள்ள இலக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாரா? விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அந்தப் பிள்ளையின் பழைய 47 பெரலைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டோம், "இரும்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில் அலைந்து ஒன்று எடுத்தோம், ஸ்லீவ் இறக்க லேத்தில் கிடக்கிறது. ஹெட் தப்பியிருக்கிறது, கிராங்கைப் பாஸ் இன்னும் பார்த்து முடியவில்லை. அதுவரைக்கும் எங்களில் ஒருவருடைய பைக்கை அவன் ஓடுகிறான், அந்த ஆசிரியர் பஸ்ஸில் வருகிறார். யாரிடமாவது சிடி 90 கிராங் நல்ல நிலையில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சும்மா வேண்டாம், காசு தருவோம்.