வீட்டோடு காட்டுக்குப் போகலாமா?

சக்கரம் கட்டிய வீடு புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிய சங்கதி அல்ல. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, விராலிமலைக்கும் பழனிக்கும் யாத்திரை போனவர்களின் பேரர்கள்தாமே நாம்! ஆலமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டினால் அதுவே அவர்களுக்குச் சமையலறை.

இப்போது அந்த வீடு மோட்டார் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கட்டில், அடுப்பு, ஸ்நான அறை யாவும் உள்ளேயே. 'கேரவன்' என்பது அதன் நாமதேயம். கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் வகுத்தது. "இப்படியொரு வண்டியில் முதுமலைக்குப் போய், காட்டுக்குள்ளேயே தங்கி, ஜன்னல் வழியாக யானை பார்த்தால் என்ன?" என்று நம்மவர்களும் கேட்கிறார்கள்.

முதுமலைக்குப் பேஷாகப் போகலாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் தங்குவதுதான் கூடாது.

முதுமலை 1940-இல் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதனூடே மைசூர்ச் சாலை செல்கிறது. அடுத்துள்ள பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை என்ற உத்தரவு 2009-இல் பிறந்தது. இருளில் சாலையைக் கடக்கும் பிராணிகள் வண்டிகளில் அடிபட்டு மாண்டதே அதற்குக் காரணம்.

அடிபடுவதைக் காட்டிலும் சாதுவாகத் தோன்றும் ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் நமது பட்சணக் கூடை. மசினகுடிப் பக்கத்தில் ரிவால்டோ என்று பெயர் பெற்ற ஆண் யானை ஒன்று, மனிதர் நீட்டிய பழங்களின் ருசியில் பழகி, வாழைத்தோட்டம் கிராமத்தையே சுற்றி வந்தது. 2021 மே மாதத்தில் அதை மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் தொலைவிலுள்ள காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதுவோ சில தினங்களுக்குள் பழைய இடத்தை நோக்கி நடந்து வந்துவிட்டது! கொடுத்தவர்கள் தர்மம் செய்ததாக எண்ணிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். சிறைவாசம் யானைக்கு வாய்த்தது. காட்டோரத்தில் சமைத்து, மிச்சத்தைப் புதரில் கொட்டுகிறவர்களும் இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கோடையில் அவர்களுடைய அடுப்புப் பொறி ஒன்றே காய்ந்த புல்வெளி முழுவதையும் எரிக்கப் போதும்.

ஆகவே, புறப்படும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் 'இ-பாஸ்' முறை அமுலுக்கு வந்தது. அன்றைய விதியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க எண்ணாதீர்கள். அங்கே 36 கொண்டை ஊசி வளைவுகள். நெட்டை வண்டிக்குக் கூடலூர்ப் பாதையே உசிதம். வண்டி வீட்டைக் காட்டுக்கு வெளியே, அனுமதி பெற்ற விடுதியில் நிறுத்துங்கள். சமையலும் சாப்பாடும் அங்கேயே முடியட்டும். பிறகு தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வண்டியில் காட்டைப் பாருங்கள்.

வழியில் குழந்தை ஜன்னலுக்கு வெளியே வாழைப்பழத்தை நீட்டினால், அதை வாங்கி நீங்களே தின்றுவிடுங்கள். யானைக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.