ரத்த பந்தமும் ரத்த சோதனையும்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தமிழும் சரளமாகக் காதில் விழும். இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், புற்றுநோய்க்கு மண்டலப் புற்றுநோய் மையம் என்று நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், எந்த ஊர் மருத்துவமனையிலும் குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ரத்தம் கொடுக்க யார் வருகிறார்கள்? உடனே ஊருக்குப் போன் பறக்கிறது. மைத்துனர் வருகிறார், சித்தப்பா மகன் வருகிறார், அவருடைய நண்பரும் வருகிறார்.

இப்படி வருபவர்களின் ரத்தம் எப்படிப்பட்டது? கேரளத்தில் ரத்த தானம் செய்தவர்களைப் பற்றி ஸ்ரீ சித்திரை நிறுவனத்தின் ரத்த வங்கி மருத்துவர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1.3 சதவீதத்தினரிடம் ஹெபடைடிஸ் பி, 1.4 சதவீதத்தினரிடம் ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் இருந்தது. எய்ட்ஸ் கிருமிக்கு இது 0.2 சதவீதம்தான். நாம் எதற்கு அதிகம் பயப்படுகிறோம், எது அதிகம் பரவியிருக்கிறது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

இவர்களில் பலருக்குத் தங்கள் உடம்பில் வைரஸ் இருப்பதே தெரிந்திருக்காது. மஞ்சள் காமாலை வந்தால்தான் ஹெபடைடிஸ் என்பது நம் நினைப்பு. பி, சி வகைகள் பல வருடங்கள் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருக்கக்கூடியவை. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் கருவி, பல் வைத்தியரின் உபகரணம், சவரக் கத்தி, எப்போதோ ஏற்றிய ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு என்று வழிகள் பல. தொற்று இருப்பதை நடத்தைக்கான சான்றிதழாகப் பார்ப்பது அறியாமை.

சோதனைதான் இருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொரு யூனிட் ரத்தத்தையும் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பது கட்டாயம். ஆனால் கிருமி புகுந்ததற்கும் சோதனையில் சிக்குவதற்கும் இடையே சில வாரங்கள் ஆகின்றன. வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை இந்த இடைவெளியைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. செலவு அதிகமான அது எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை.

ஆகவே முதல் வடிகட்டி ஊசிக்கு முன் கொடுக்கப்படும் கேள்வித்தாள். பச்சை குத்தினீர்களா? ஆபரேஷன் நடந்ததா? ரத்தம் ஏற்றினார்களா? பச்சை குத்தினாலும் ரத்தம் ஏற்றினாலும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தவர் தானமே செய்யக்கூடாது. ஆனால் உள்ளே அக்கா கணவர் ஆபரேஷனுக்குக் காத்திருக்க, வெளியே மாமனார் நின்றுகொண்டிருக்க, எந்த மைத்துனர் 'ஆம்' என்று எழுதுவார்? எழுதினால் உறவுக்குள் ஆயிரம் கேள்வி வரும். 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கையை நீட்டுவது சுலபம்.

காசுக்கு ரத்தம் விற்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 1998 முதல் தடை அமலுக்கு வந்தது. விற்பவருக்குப் பொய் சொல்லக் காரணம் பணம். உறவினருக்குக் காரணம் பாசம், கூடவே மானம். நோயாளியின் ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான். யாருடைய கட்டாயமும் இல்லாமல், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தானாக வந்து கொடுப்பவருக்கு மட்டுமே மறைக்க எதுவும் இல்லை. 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, உறவினரிடம் ரத்தம் கேட்கும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. அது இன்னும் ஒழியவில்லை.

ரத்தத்தை அடைக்கும் பையைப் பொறுத்தவரை இதே நகரம் முன்னோடி. கண்ணாடி பாட்டில்களுக்குப் பதிலாக பிளாஸ்டிக் ரத்தப் பையைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 1980-களில் ஸ்ரீ சித்திரை நிறுவனம் உருவாக்கி, இங்கேயே தொழிற்சாலையும் எழுந்தது. பை சுத்தமாகிவிட்டது. பைக்குள் போவது, கொடுப்பவர் சொல்லும் உண்மையைப் பொறுத்தது.

அந்த உண்மைக்கு வழி செய்ய பெரிய முதலீடு தேவையில்லை. உறவினர் கேட்காத தனி அறையில் கேள்விகள் கேட்கலாம். 'இன்று இவருக்கு ஹீமோகுளோபின் போதவில்லை' என்பது போன்ற பொதுவான காரணம் சொல்லி அனுப்பலாம். தொற்று தெரிந்தால் கொடுத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, சிகிச்சைக்கு அனுப்பியே ஆக வேண்டும். பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பி வகையைக் கட்டுப்படுத்த மாத்திரையும், வராமல் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. பையை வீசிவிட்டு ஆளை மறந்துவிட்டால், அவர் அடுத்த உறவினருக்காக வேறொரு ரத்த வங்கியில் கையை நீட்டுவார்.

உங்களிடம் ரத்தம் கேட்டு போன் வரும்போது தயக்கமிருந்தால், 'என்னால் முடியாது' என்று சொல்லுங்கள். கேட்டவர் காரணம் கேட்காமல் இருக்கட்டும். சில நேரம் கொடுக்காததுதான் தானம்.