ஏரி நிலவரம் தெரிகிறது; முகத்துவார நிலவரம் தெரிகிறதா?

வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லாம் நிறுத்திவிட்டுப் போன கார்கள்!

2024 அக்டோபரில் பலத்த மழை வரும் என்று வானிலை இலாகா எச்சரித்ததும் வேளச்சேரிக்காரர்கள் செய்த முதல் காரியம் இதுதான். வீட்டு வாசலில் நிறுத்தினால் கார் மூழ்கும். பாலம் மூழ்காது. அவ்வளவுதான் கணக்கு. போக்குவரத்துக்கு இடைஞ்சல்தான். ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சூடு கண்ட பூனைகள்!

சூடு பட்டது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி தீவாகிப் போனது. மழை விட்டது. வெயிலும் அடித்தது. தண்ணீர் மட்டும் போகவில்லை. மாடியில் சிக்கியவர்களுக்குப் படகில் பால் பாக்கெட் போனது. கட்டடத்துக்காகத் தோண்டிய ராட்சதப் பள்ளத்தில் சிக்கி 2 பேர் செத்தார்கள். உடல்களை எடுக்க நாள் கணக்கில் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியைத்தான் யாரும் சரியாகக் கேட்பதில்லை.

தண்ணீர் போகும் பாதை

வேளச்சேரியில் பஸ் ஏறினால் திருவான்மியூர் போய் கடலைப் பார்த்துவிடலாம். தண்ணீருக்கு அந்தச் சுருக்கு வழி கிடையாது. முதலில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு. பிறகு பக்கிங்காம் கால்வாய். கால்வாயில் தெற்கே நடையோ நடை என்று நடந்து முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கும்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் பரப்பில் கிடந்த சதுப்பு நிலம். பெருங்குடி குப்பை மேடு ஒரு பக்கம், கட்டடங்கள் மறுபக்கம் என்று தின்று தீர்த்தது போக மிச்சம்தான் இப்போது இருப்பது. 2022-ல் உலகப் புகழ் பெற்ற ராம்சர் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. பெயர் பெரிதாகிவிட்டது. இடம்தான் சிறிதாகிவிட்டது!

தி.நகர் வியாபாரிகள் கதையும் ஏறக்குறைய இதேதான். 100 வருஷத்துக்கு முன்னால் அது ஏரி. தூர்த்துத்தான் நகர் ஆக்கினார்கள். பக்கத்தில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு இருக்கும் ஒரே வழி மாம்பலம் கால்வாய். 2021 நவம்பரில் தி.நகர் மூழ்கியபோது பார்த்தால், கால்வாய்க்குள் கட்டட இடிபாடு கிடந்தது.

மாம்பலம் கால்வாய் அடையாற்றில் விழுகிறது. அடையாறு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் அருகே கடலில் விழ வேண்டும். "வேண்டும்" என்றுதான் சொல்ல முடியும்! ஏனென்றால் மழை இல்லாத மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றின் வாயை மூடிவிடுகிறது. கூவத்துக்கும் அதே வியாதி. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகலமானது. கூவத்தின் வாய் அடைத்துக் கொண்டது.

பொக்லைன் வைத்து மணலை வெட்டாமல் இல்லை. வெட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அலை மறுபடி மூடுகிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரை அது வாங்கவும் வாங்காது. புயல் நேரத்தில் கேட்கவே வேண்டாம். குப்பத்துச் சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும்.

2021 வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வடிகால் கட்டும் வேலை மும்முரமாக நடந்தது. 2022 மழையில் பல தெருக்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்ததும் உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் குழாயின் மறுமுனையில் துணியை அடைத்துவிட்டு, இந்தப் பக்கம் குழாயைப் பெரிதாக்கி என்ன லாபம்? முற்றம் நிறையத்தான் செய்யும். (வடிகால் கம்பிமேல் டீ கப்பையும் வாழை இலையையும் தள்ளிவிடும் கடைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. அது தனிக் கதை.)

யார் பொறுப்பு?

தெரு வடிகால் மாநகராட்சிக்கு. ஆறும் கால்வாயும் நீர்வளத் துறைக்கு. சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு. பெரிய ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு. தண்ணீர் இத்தனை ஆபீஸ்களையும் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை திறந்ததும், அடையாற்றுக் கரையில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. அன்று முதல் ஜனங்களுக்கு ஏரிமேல் ஒரு கண். மொத்தம் 24 அடி, இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் அதைத்தான் தேடுகிறார்கள். நல்ல பழக்கம்.

அதே மாதிரி முகத்துவார நிலவரத்தையும் தினமும் வெளியிட்டால் என்ன? அடையாறு வாய் இன்று எத்தனை அடி அகலம், எத்தனை அடி ஆழம்? கூவம் எப்படி? எண்ணூர், முட்டுக்காடு எப்படி? ஒக்கியம் மடுவில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம். ஒரு படகு, ஒரு அளவுகோல், 2 ஆட்கள் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 3 மாதம்தான் வேலை.

தாம்பரத்தில் 2015-ல் ஒரே நாளில் கொட்டியது 49 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட மழையை எந்த வாயும் ஒரே மூச்சில் விழுங்காது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மழை விட்ட பிறகு 4 நாள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கலாமா என்பதுதான் கேள்வி. வாய் மூடிக் கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் கடைக்காரர் மூட்டைகளைப் பரணில் ஏற்றுவார். கீழ் வீட்டில் இருக்கும் பாட்டியை உறவுக்காரர் வந்து அழைத்துப் போவார். அதிகாரிகளைக் கேள்வி கேட்கவும் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

இந்த வருஷம் மணல் வெட்டும் பொக்லைன் எந்தத் தேதியில் இறங்கும் என்பதையாவது பலகையில் எழுதிப் போடட்டும். முதல் பலகையை வேளச்சேரி மேம்பாலத்துக்குக் கீழே வைக்கலாம்.