உப்புக் காற்றும் பழைய வண்டியும்

பழைய பொருளைப் போற்றுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, அதனைப் பயன்படுத்திப் போற்றுவது. மற்றொன்று, அதனை மூடிவைத்துப் போற்றுவது. பித்தளைக் குத்துவிளக்கும் பாட்டியின் பட்டுச் சேலையும் இரண்டாவது முறையைப் பொறுத்துக்கொள்ளும். மோட்டார் வண்டி பொறுக்காது. சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் நம் கரையிலோ அது சிறிதும் பொறுக்காது. பழைய வண்டிகளைக் கூட்டிக் காட்சி வைப்பது உலகெங்கும் வேரூன்றிவிட்ட இக்காலத்தில் இதுபற்றிச் சற்றுச் சிந்திப்பது தகும்.

அமெரிக்காவில் இத்தகைய காட்சி என்றால் 'மசில் கார்' எனப்படும் வண்டிகளே முன்வரிசையில் நிற்கும். நடுத்தர அளவான உடலிலே பெரியதோர் இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞரும் வாங்கத்தக்க விலைக்கு விற்கப்பட்டவை அவை. 1964ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. இவ்வினத்துக்கு முன்னோடி என்பர். அதன் இயந்திரக் கொள்ளளவு ஏறக்குறைய 6.4 லீற்றர். 1950களின் முற்பகுதியில் வந்த மொறிஸ் மைனரின் கொள்ளளவோ 803 கன சென்ரிமீற்றர். எட்டு மைனர்களின் இயந்திரங்களைக் கூட்டினால்தான் ஒரு பொன்ரியாக்குக்கு ஈடாகும்! ஆயின் 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடியும், காப்புறுதிக் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாடுகளும் அப்பெரிய இயந்திரங்களின் காலத்தை முடித்துவைத்தன. நம் நாட்டுச் சிறிய வண்டிகள் அதன் பின்னரும் பல்லாண்டு உழைத்தன.

அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பிறந்த நாட்டிலே அவை ஒவ்வொன்றாகக் கழிந்தபோது, இலங்கையில் நின்று நிலைத்ததற்குக் காரணம் நம்முடைய தட்டுப்பாடே. 1960களிலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதியது வாராதபோது பழையதைத்தானே பேணவேண்டும்? கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுக்கும் லேத்துக்காரரும், நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் தொழிலாளரும் ஊருக்கு ஊர் உருவாயினர். அக்கைத்திறன் எவ்வளவு முதிர்ந்ததெனில், பின்னாளில் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு, அவ்வண்டியின் தாய்நாடான இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தட்டுப்பாடு கற்பித்த தொழிலுக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டுமோ?

இன்னுமொரு சான்று வடக்கிலே உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. அப்போது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆயினும் பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாதலால் அவை அதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. புகை கக்கின; மசகெண்ணெய் நீர்த்துக் கெட்டது; எனினும் நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார், மணமகள் மண்டபம் போய்ச் சேர்ந்தாள்.

அதே 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில், விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் நம் புத்தளப் பகுதியிலே தஞ்சம் புகுந்தனர். வீட்டையும் கடையையும் வாகனத்தையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். ஆகவே பழைய வண்டி ஒன்றைக் காணும்போது இம்மாவட்டத்தார் அனைவருக்கும் ஒரே நினைவு எழுவதில்லை. ஒருவருக்கு அது பாட்டனாரின் பெருமை. மற்றொருவருக்குப் பறிகொடுத்த முற்றம். வண்டிக் காட்சி வைப்போர் இவ்விரு நினைவுகளுக்கும் இடங்கொடுத்தல் வேண்டும்.

இனி, நம் கரைக்கே உரிய பகையைப் பார்ப்போம். புத்தளம் உப்புக்குப் பெயர் பெற்றது. உப்பளங்களை விளைவிக்கும் அதே வெயிலும் கடற்காற்றும் கொட்டிலில் நிற்கும் வண்டியைத் தின்கின்றன. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடியவிடத்துத் துரு பிறக்கும். உப்புக் கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துமாதலால் அரிப்பு விரைகிறது. உப்புப் படிவு காற்றின் ஈரத்தையும் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. மைனர் போன்ற வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அடித்தகடும் அதனோடு ஒட்டிய பெட்டி வடிவ விட்டங்களுமே அதன் எலும்பு. மேலே புது வர்ணம் மின்ன, உள்ளே எலும்பு பொடியாகிக்கொண்டிருப்பதைக் கண் காணாது. சுத்தியலின் காம்பால் மெல்லத் தட்டினால் காது காணும்.

இதற்கு மருந்து பெருஞ்செலவன்று. வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் அடிக்கடி கழுவி உலர விடுக. கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடாதிருக்கட்டும். விட்டங்களின் உட்புறத்தில் எண்ணெயோ மெழுகோ செலுத்துக. பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக மூடுவது பெருந்தவறு. அது ஈரத்தைச் சிறைவைக்கும். காற்றோட்டமுள்ள ஓலைக் கொட்டில் அதனினும் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்துக்கு ஒருமுறையேனும் இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஓட்டுக. நின்ற வண்டியின் பிரேக்கு இறுகும்; பெற்றோல் கெடும்; பற்றறி மாளும்.

மாணவருக்கும் இங்கே வேலை உண்டு. வண்டியின் இலக்கத்தகடு ஒரு சரித்திர ஏடு. 'சிலோன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தாங்கிய தகடு ஒரு காலத்தைச் சொல்லும். அதன்பின் வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோ, 1957, 1958 ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த பெரும் எதிர்ப்பை நினைவூட்டும். ஊரிலுள்ள பழைய வண்டி ஒவ்வொன்றையும் யார் வாங்கினார், யார் பழுதுபார்த்தார், எந்தப் பிரசவத்துக்கும் எந்தப் பிரேத ஊர்வலத்துக்கும் அது போயிற்று என்று கேட்டெழுதினால், பாடப்புத்தகத்தில் இல்லாத ஊர்ச் சரித்திரம் கையில் வரும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015இல் மோட்டார் வண்டிகளுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் திறந்தனர். நமக்கு அத்தகைய கட்டடம் இல்லாவிடினும் ஒரு பள்ளிக்கூட மைதானமும் ஒரு குறிப்பேடும் போதும்.

அப்படியொரு காட்சி நம்மூரில் நடக்குமாயின், மினுக்கத்துக்கு மட்டும் பரிசளிக்க வேண்டாம் என்பதே நம் விண்ணப்பம். மினுக்கம் பணத்தால் வருவது. நாற்பது ஆண்டு ஒரே வண்டியை ஓட வைத்த டிங்கர் தொழிலாளியையும் மேடைக்கு அழைத்து, அவர் பக்கத்தில் தொழில் பழகும் ஒரு பையனையும் நிறுத்துங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வண்டி இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டும் நாம் அண்டி நின்றது அவர்களுடைய கைகளையே. முதியவரின் கைத்திறன் அவரோடு போய்விட்டால் அதனை எந்தக் கப்பலிலும் இறக்குமதி செய்ய முடியாது.

கொட்டிலில் பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். 'அப்பாவின் ஞாபகம்' என்று சொல்லி அதனைத் துருவுக்கு ஒப்புக்கொடுப்பது அன்பாகாது. ஓட்ட முடியுமாயின் ஓட்டுங்கள். முடியாதாயின் ஓட்டக்கூடிய ஒருவரிடம் மனமுவந்து கொடுத்துவிடுங்கள். அடுத்த சோளகக் காற்று வந்து கேட்பதற்கு முன், வீட்டார் கூடியிருந்து இதனை முடிவு செய்துகொள்வது நலம்.