மீட்டதும் மிஞ்சியதும்

தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல் நகருக்கு நெடுநாளாய்ச் சோறிட்டு வருவது. அதன் கழிவுநீரே கொடகனாற்றுப் பிரதேசத்தின் கிணறுகளை உவராக்கியது என்பதும் உலகறிந்த செய்தி. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டார், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களிலுள்ள தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கெடுத்தவனே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டுமென்ற நியாயத்தை நிலைநாட்டினர்.

பதனிடுகையில் இடும் குரோமிய உப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தோலிற் பற்றாமல் நீரோடு போய்விடும். அந்நீரில் மக்னீசியம் ஆக்ஸைடைச் சேர்த்தால் குரோமியம் வண்டலாய்ப் படியும். அதைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து மறுபடியும் உபயோகிக்கலாம். இது போற்றத்தக்க முறையே. ஆயினும், நூற்றுக்கு இத்தனை மீட்டோமென்று மார்தட்டுவது முழுக் கணக்காகாது.

நூறு மூட்டைக் கழிவில் அறுபதை மீட்டால் மிஞ்சுவது நாற்பது. மீட்பு விகிதம் எழுபதாக உயர்ந்து, கழிவும் இருநூறு மூட்டையானால் மிஞ்சுவது அறுபது! விகிதம் உயர்ந்தது, விஷமும் உயர்ந்தது. உலகின் கதையும் இதுவே. பூமியிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் பொருள்கள் 1970-ல் சுமார் 3,000 கோடி டன். இன்றோ 10,000 கோடி டன்னுக்கு மேல். உலகம் உபயோகிக்கும் பொருள்களில் மீட்டெடுத்தவற்றின் பங்கு நூற்றுக்கு 9.1 என்று 2018-ல் மதிப்பிட்ட நிபுணர்களே, 2023-ல் அது 7.2 என்றனர். மீட்பதைவிடப் புதிதாய்த் தோண்டுவது விரைந்து பெருகுகிறது.

இனி, சாதாரண உப்பின் கணக்கு. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை உப்பிடுகின்றனர். நீரிற் கரைந்தபின் சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்குவதில்லை. கரையுமுன் உதறி எடுப்பதும், முதலிலேயே குறைத்து இடுவதுமே எளிய பரிகாரம்.

தொழில் அழியவேண்டுமென்பது நம் கருத்தன்று. தொழிலாளியும் குடியானவனும் ஒரே மண்ணின் நீரைக் குடிப்பவர்கள். நாம் கேட்பது ஒன்றே: ஒவ்வொரு ஷாப்பும் தான் வாங்கிய குரோமியம், உப்பு, நீர் எவ்வளவு, மீட்டது எவ்வளவு, வெளியே விட்டது எவ்வளவு என்பதை வருஷந்தோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். சர்க்கார் அதைச் சட்டமாக்க வேண்டும். விகிதத்தைக் காட்டி மகிழ்ந்தது போதும். மிஞ்சியது எங்கே சென்றது என்பதை ஜனங்கள் அறியட்டும்.